விற்காத தளத்தின் வெற்றி

வணிக இணையதளம் எதனால் வெற்றி பெறுகிறது என்று ஆராயப் புகும் மாணவர்கள் பெரும்பாலும் அமேசானிடமே செல்கின்றனர். அதைவிடப் பயனுள்ள சான்று ஒன்று திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது: கேரளச் சுற்றுலாத் துறையின் இணையதளம்.

அது 1998இல் தொடங்கப்பட்டது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் கிடைத்து அப்போது மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. நொடிக்கு 28.8 கிலோபிட் வேகமுள்ள தொலைபேசி இணைப்பில், 100 கிலோபைட் படம் ஒன்று திறக்க ஏறத்தாழ அரை நிமிடம் ஆகும். காயலும் யானையும் எத்தனை அழகாயிருந்தாலும் அவ்வளவு நேரம் எவர் காத்திருப்பார்?

தளத்தின் மெய்யான பலம் படங்களில் இல்லை. தெய்யம் நாட்காட்டி போன்ற பக்கங்களில் இருக்கிறது. வடகேரளக் காவுகளில் துலாம் 10 முதல் இடவம் வரை தெய்யம் நிகழும். ஒவ்வொரு காவுக்கும் தனித்தனி நாள். கண்ணூர்க்காரருக்கே எல்லாம் தெரியாது. அந்த நாட்களைத் தளம் தேதிவாரியாகத் தருகிறது. அதைப் பார்த்தவர் ரயிலுக்குப் பதிவு செய்கிறார், அறை தேடுகிறார், ஆட்டோ பிடிக்கிறார். வருமானம் கண்ணூரில் பலருக்குப் பிரிந்து போகிறது. விற்பனைக் கணக்கை மட்டும் பார்க்கும் ஆய்வாளர் கண்ணில் இது படவே படாது.

இன்று அத்தளம் இருபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் கிடைக்கிறது. தமிழும் அவற்றுள் ஒன்று. ‘கடவுளின் சொந்த நாடு’ என்ற முழக்கம் மதுரைக் குடும்பத்துக்குப் புதிதன்று. ஆடியில் அதிரப்பள்ளிக்குப் போகலாமா, குழந்தைகளோடு எங்கே தங்குவது என்பவையே அவர்களின் வினாக்கள்.

தங்குமிடத்தில்தான் சிக்கல். துறை ஹோம்ஸ்டேகளை வைரம், தங்கம், வெள்ளி எனத் தரம் பிரித்துச் சான்றளிக்கிறது. ஆயினும் பயணிகள் பலர் முன்பதிவுச் செயலிகளின் வழியாகவே வருகின்றனர். 2,000 ரூபாய் அறைக்குக் கமிஷன் 15 விழுக்காடு என்று கொண்டாலும் 300 ரூபாய் போய்விடும். இதைத் தவிர்க்கவே சிறு உரிமையாளர்கள் சொந்தத் தளம் அமைக்கின்றனர். அமைக்கும்போது செலவழிப்பது முகப்புப் படத்துக்கு. ஓராண்டுக்குப் பின் பார்த்தால் கட்டணம் பழையது, தொலைபேசி எண் மாறியிருக்கும், அனுப்பிய மின்னஞ்சலுக்கு மறுமொழி வராது. பயணி மீண்டும் செயலிக்கே திரும்புகிறார். வடிவமைப்பாளரைக் குறை கூறுவது எளிது. ஆனால் காவின் திருவிழா நாள் மாறினால் அதைத் திருத்த அரசுத் தளத்துக்கு ஊதியம் பெறும் ஆள் உண்டு. மூன்று அறை வைத்திருப்பவர் சமையலையும் பார்த்துக்கொண்டு, வந்தவர்களையும் கவனித்துக்கொண்டு, அந்த வேலையை எந்த நேரத்தில் செய்வார்?