முதல் இடத்துக்கு ஒரு பேரம்

2023 மார்ச்சில் நானும் என் வீட்டுக்காரியும் ஆறு மாதம் தங்குவதற்காக மகள் வீட்டுக்குப் போனோம். வட கரோலைனா மாநிலத்தில் சார்லட் என்ற ஊர். போய்ச் சேர்ந்த வாரம், உடம்பு இன்னும் மன்னார்குடி நேரத்திலேயே இருந்தது. சாயங்காலம் சோபாவில் தூங்கி விழுந்துகொண்டிருந்தேன். மார்ச் 10, வெள்ளிக்கிழமை. மாப்பிள்ளையும் பேரனும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஏதோ விபத்து என்று பதறி எழுந்தேன். விபத்து இல்லை, வியாபாரம்.

அந்த ஊருக்கு கரோலைனா பேந்தர்ஸ் என்று ஒரு ஃபுட்பால் அணி உண்டு. ஃபுட்பால் என்றால் நாம் ஆடிய கால்பந்து அல்ல. தேங்காய் மாதிரி நீண்ட பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடி, எறிந்து, ஒருவர் மேல் ஒருவர் விழுந்து ஆடுவது. மொத்தம் 32 அணிகள். ஒவ்வொரு ஏப்ரலிலும் கல்லூரிகளில் ஆடி முடித்த பையன்களை இந்த 32 அணிகளும் வரிசை போட்டுப் பொறுக்கிக்கொள்கின்றன. ஏழு சுற்று. இதற்கு டிராஃப்ட் என்று பெயர். போன வருடம் மோசமாக ஆடியவனுக்கு முதல் இடம், கோப்பை வாங்கியவனுக்குக் கடைசி இடம். முதலாளித்துவ நாட்டில் இப்படி ஒரு சோஷலிச ஏற்பாடா என்று எனக்கு ஆச்சரியம்தான்.

அதிலும் நம் ஆட்கள் மாதிரி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். வரிசையில் உள்ள இடத்தை விற்கலாம், வாங்கலாம். அடுத்த வருடத்து இடத்தை இந்த வருடமே அடகு வைக்கலாம்.

எதற்காக இந்த அவசரம் என்றால், குவார்ட்டர்பேக் என்ற ஒரு ஆளுக்காக. ஒவ்வொரு முறையும் பந்து முதலில் அவன் கைக்குத்தான் வரும். யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது என்று இரண்டு மூன்று விநாடிக்குள் அவன் முடிவு செய்யவேண்டும். எதிரே ஐந்தாறு மலைகள் அவனை நசுக்க ஓடி வரும். நல்ல குவார்ட்டர்பேக் இல்லாத அணி, சமையல்காரர் இல்லாத கல்யாண வீடு.

பேந்தர்ஸுக்கு அந்த ஆள் அமையவில்லை. மூன்று வருடத்தில் மூன்று பேரை வெளியிலிருந்து கொண்டுவந்து பார்த்துவிட்டார்கள். அந்த வருடம் அவர்களுக்குக் கிடைத்தது ஒன்பதாவது இடம். முதல் இடம் சிகாகோ பேர்ஸ் அணியிடம் இருந்தது. அதை வாங்க பேந்தர்ஸ் கொடுத்த விலையைப் பேரன் ஒரு தாளில் எழுதிக் காட்டினான். அந்த வருடத்து ஒன்பதாவது இடமும் இரண்டாம் சுற்றில் 61வது இடமும். 2024ன் முதல் சுற்று இடம். 2025ன் இரண்டாம் சுற்று இடம். இவ்வளவும் போதாதென்று டி.ஜே. மூர் என்ற ஆட்டக்காரர். எறியும் பந்தைப் பிடிப்பதில் அந்த அணியிலேயே கெட்டிக்காரர் அவர்தான்.

"ரொம்ப ஜாஸ்தி," என்றேன், ஒன்றும் தெரியாமலே.

"இல்ல மாமா," என்றார் மாப்பிள்ளை. "கேன்சஸ் சிட்டி 2017ல இதைத்தான் பண்ணினாங்க. 27ல இருந்து 10க்கு வந்து மஹோம்ஸை எடுத்தாங்க. இப்போ ரெண்டு சூப்பர் பவுல்."

முப்பத்தைந்து வருடம் வங்கியில் கடன் மனு பார்த்தவன் நான். ஒரு வீட்டில் மாடு கறக்கிறது என்பதற்காகப் பக்கத்து வீட்டுக்காரனுக்கு மாட்டுக் கடன் கொடுக்கமாட்டேன். மறுநாளிலிருந்து பேரனைத் துணைக்கு வைத்துக்கொண்டு பழைய கணக்கெல்லாம் பார்த்தேன். வேறு வேலையும் இல்லை, வெளியில் குளிர்.

வாஷிங்டன் அணி 2012ல் ஆறாவது இடத்திலிருந்து இரண்டாவதுக்கு ஏற, மேற்கொண்டு இரண்டு வருடத்து முதல் சுற்று இடங்களையும் ஒரு இரண்டாம் சுற்று இடத்தையும் கொடுத்தது. வந்தவர் ராபர்ட் கிரிஃபின். முதல் வருடம் கொடிகட்டிப் பறந்தார். அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் முழங்கால் போயிற்று. பழைய ஆட்டம் திரும்பவே இல்லை. அதே வருடம் அதே அணி நாலாம் சுற்றில் சும்மா எடுத்துப்போட்ட கர்க் கசின்ஸ் பல வருடம் நின்று ஆடினார். சான் பிரான்சிஸ்கோ 2021ல் மூன்று முதல் சுற்று இடங்களைக் கொட்டி ட்ரே லான்ஸை எடுத்தது. அவர் ஆடியது சொற்பம். மறு வருடம் டிராஃப்டிலேயே கடைசி ஆளாக, 262வதாக எடுத்த பிராக் பர்டிதான் அந்த அணியைத் தூக்கி நிறுத்தினார்.

இன்னொரு சுவாரசியம் கிடைத்தது. டல்லாஸ் அணிக்காரர்கள் 1990களின் தொடக்கத்திலேயே ஒவ்வொரு இடத்துக்கும் இத்தனை புள்ளி என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். முதல் இடத்துக்கு 3000, ஒன்பதாவதுக்கு 1350. நகைக் கடனுக்கு கிராமுக்கு இவ்வளவு என்று நாங்கள் வைத்திருந்த அட்டை மாதிரி. கேட் மாசி, ரிச்சர்ட் தேலர் என்ற இரண்டு பேராசிரியர்கள் இதையெல்லாம் ஆராய்ந்திருக்கிறார்கள். தேலர் 2017ல் பொருளாதார நோபல் வாங்கியவர். முன்வரிசை இடங்களுக்கு அணிகள் தகுதிக்கு மேல் விலை கொடுக்கின்றன என்பது அவர்கள் கண்டது. இன்றைய ஒரு இடத்துக்காக நாளைய இடத்தை விடும்போது ஆகிற வட்டி வருடத்துக்கு 100 விழுக்காட்டுக்கும் மேல்! நம்மூர் மீட்டர் வட்டிக்காரன் வெட்கப்படுவான்.

மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவரிடமும் பதில் இருந்தது. "புதுசா வர்றவனுக்கு நாலு வருஷம் சம்பளம் ஃபிக்ஸட் மாமா. நாலு வருஷத்துக்கும் சேர்த்து சுமார் 3 கோடியே 80 லட்சம் டாலர். பேர் வாங்கின குவார்ட்டர்பேக்குக்கு ஒரு வருஷத்துக்கே அதுக்கு மேல. மொத்தச் சம்பளத்துக்கும் உச்சவரம்பு இருக்கே! மிச்சமாகிறதுல நல்ல டீமே கட்டலாம்." அதுவும் நியாயம்தான். கடன் ஏன் வாங்குகிறான் என்று கேட்காமல் வட்டியை மட்டும் பார்ப்பது பாதிக் கணக்கு.

அப்போது பேரன் சொன்னான்: "தாத்தா, டி.ஜே. மூரை யாரும் கேக்கவே இல்ல. ஹீ வாஸ் ஜஸ்ட் கிவன்."

மகள் சமையலறையில் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு மட்டும் என்னவோ செய்தது.

1997ல் என் மகன் பிளஸ் டூ முடித்தான். மார்க் சுமார். பையன் எஞ்சினியர் ஆகிவிட்டால் குடும்பம் கரையேறிவிடும் என்று அப்போது எங்கள் தெருவிலேயே எல்லோருக்கும் நம்பிக்கை. ஒரு தனியார் கல்லூரியில் மெக்கானிக்கல் சீட்டுக்காக அப்பா விட்டுப்போன ஆறு மா நிலத்தை விற்றேன். அதுவும் பற்றாமல், மகளுக்கென்று எடுத்துவைத்திருந்த எட்டுப் பவுனையும் வைத்தேன். அவளுக்கு அப்போது பதினாறு வயது. அவளிடம் சொல்லவேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு வருடம் கழித்து அவள் அண்ணனைவிட 140 மார்க் கூட எடுத்தாள். கவுன்சிலிங் கடிதம் வந்தது. கோயம்புத்தூரில் இடம் கிடைக்கும் போலிருந்தது. ஃபீஸ், ஹாஸ்டல் என்று கணக்குப் போட்டுவிட்டு, "பி.எஸ்ஸி. படிச்சா என்னம்மா குறைச்சல்?" என்றேன். சரி என்றாள். அரசு மகளிர் கல்லூரியில் கணிதம் படித்து, கல்விக் கடனில் எம்.சி.ஏ. முடித்து, சென்னைக்குப் போய், அங்கிருந்து சார்லட் வந்தது எல்லாம் அவளாகச் செய்தது. மகன் நாலு வருடப் படிப்பை ஆறு வருடத்தில் முடித்தான். இப்போது திருவாரூரில் பம்ப்செட் கடை வைத்து நன்றாகவே இருக்கிறான். என்னைப் பார்த்துக்கொள்கிறவனும் அவன்தான். அவனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.

ஏப்ரல் 27 இரவு டிராஃப்ட். அந்த வருடம் நடந்தது கேன்சஸ் சிட்டியிலேயே. பேந்தர்ஸ் பிரைஸ் யங் என்ற அலபாமா பையனை எடுத்தது. உயரம் ஐந்தடி பத்து அங்குலம். அந்த வேலைக்குக் குள்ளம் என்றார்கள். இரண்டாவதாக ஹூஸ்டன் அணி சி.ஜே. ஸ்ட்ரௌடை எடுத்தது. அந்த இடம் அவர்களுக்கு வரிசைப்படி வந்தது, தனி விலை கொடுக்கவில்லை. மாப்பிள்ளை கேசரி கிண்டச் சொல்லியிருந்தார். பேரன் தூங்கிப்போனான்.

கூடத்தைக் கூட்டி முடித்துவிட்டு மகள் உட்கார்ந்தாள். இருபத்தாறு வருடமாகச் சொல்லாததை அன்றைக்குச் சொன்னேன். "அந்த நகையை வெச்சப்போ உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்மா."

கொஞ்ச நேரம் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கேட்டிருந்தா அண்ணனுக்குக் குடுங்கன்னுதான் சொல்லியிருப்பேன்ப்பா," என்றாள். பிறகு, "ஆனா கேட்டிருக்கலாம்," என்றாள். எழுந்து போய்ப் பாலைக் காய்ச்சினாள்.

செப்டம்பரில் ஊர் திரும்பினோம். அந்தப் பருவம் பேந்தர்ஸ் 17 ஆட்டத்தில் ஜெயித்தது இரண்டு. யங்கை 62 முறை கீழே தள்ளினார்கள். பாதியிலேயே பயிற்சியாளர் வேலையும் போயிற்று. ஸ்ட்ரௌட் ஹூஸ்டனில் ஜொலித்தார். டி.ஜே. மூர் சிகாகோவுக்குப் போய் அந்த வருடம் 1364 கெஜம் சேர்த்தார். எல்லோரையும்விட மோசமாக ஆடியதால் 2024 டிராஃப்டின் முதல் இடம் பேந்தர்ஸுக்கு வரவேண்டியது. அதைத்தான் ஏற்கெனவே கொடுத்தாயிற்றே! சிகாகோ அதை வைத்துக் கேலப் வில்லியம்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்துக்கொண்டது. அடுத்த பருவம் இரண்டாவது ஆட்டத்தோடு யங்கை உட்கார வைத்துவிட்டார்கள். நான் சொன்னது சரிதான் என்று எனக்கு உள்ளூர ஒரு திருப்தி இருந்தது, மறைப்பானேன்?

அக்டோபரில் அவருடைய இடத்தில் ஆடிய ஆண்டி டால்டனுக்குக் கார் விபத்தில் கட்டைவிரலில் அடிபட, யங் திரும்ப வந்தார். வந்தவர் வேறு ஆளாக இருந்தார். 2025 ஜனவரியில் பருவத்தின் கடைசி ஆட்டம், அட்லாண்டாவுடன். 44-38 என்று ஜெயித்தார்கள். எங்களுக்கு விடியற்காலை. பேரன் வீடியோவில் கூப்பிட்டான்.

"தாத்தா, பாத்தீங்களா? மூணு டச்டவுன் பாஸ், ரெண்டு அவனே ஓடினான்!"

"பார்த்தேன்டா. மொத்தக் கணக்கு என்ன?"

"5-12."

"சிகாகோ?"

ஒரு நிமிடம் தேடினான். "அவங்களும் 5-12," என்று சிரித்தான்.

போனை மகள் வாங்கினாள். அவள் கேட்டது ஆட்டத்தைப் பற்றி இல்லை. பொங்கலுக்கு அண்ணன் வருகிறானா, கடையில் சரக்கு வைக்க இடம் பற்றவில்லை என்றானே, ஏதாவது அனுப்பட்டுமா என்றாள். நான் முதலில் அவனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.