ஓதம் ஏறாத மேடு

ஓதம் இறங்கிய வத்தத்தில் அலையாத்தி மரத்தடிக்குப் போனால், சேற்றிலிருந்து விரல் விரலாக மூச்சுவேர்கள் எழுந்து நிற்கும். கிள்ளிப் பார்த்தால் மேல்தோலுக்குள் நெட்டியாக இருக்கும். ஓதம் ஏறும்போது மூழ்கும், இறங்கும்போது காற்று வாங்கும். தண்ணீர் வடியாமலே நின்றால் மரத்துக்கு மூச்சு முட்டும். வராமலே போனால் மண்ணில் உப்பேறும்.

காட்டுக்குப்பத்துச் சித்தப்பா எண்ணூர் கழியில் கையால் துழாவி இறால் பிடித்தவர். "முன்னல்லாம் காலு பொதையும், இப்ப நிக்குது" என்பார். சேறு இருந்த இடத்தில் சாம்பல். அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய் எங்கே உடைந்தாலும் சாம்பல் கடைசியில் கொசத்தலை ஆற்றுக்குத்தான் வரும். படிந்து இறுகி, அடிமட்டத்தை உயர்த்திவிடும். ஒரு முழம் உயர்ந்தாலே சாதாரண ஓதம் அங்கே ஏறாது.

அந்த மேட்டில் முதலில் உமரி வரும். அம்மா உமரிக்கீரை சமைத்தால் உப்பு டப்பாவைத் தொடமாட்டாள். அப்புறம் மழை உப்பைக் கழுவக் கழுவ வேலிகாத்தான். அது ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டால், புதிதாக வருகிறவர் அதை ஆறு என்று சொல்லமாட்டார். தரை என்பார். தரை என்றால் விலை உண்டு.

ஆற்றின் நன்னீரை 1944-லேயே பூண்டியில் மடக்கியாயிற்று. கழிக்குக் கிடைப்பது மழைக்கால மிச்சம்.    

செடியைப் பார்த்துத் தண்ணீரைச் சொல்வது எண்ணூரோடு நிற்கவில்லை. நீலகிரி மேட்டின் சதுப்புகளில் தாவரங்கள் முழுக்க மட்காமல் கறுப்பாகப் படிந்திருக்கின்றன, பீட் என்பார்கள். சூழலியலாளர் ஆர். சுகுமாரும் கூட்டாளிகளும் அதன் கார்பனை ஆராய்ந்து 1993-ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். வறட்சிக்குப் பழகிய புற்களின் கார்பன் ஒருவிதம், ஈரத்தில் வளர்பவற்றின் கார்பன் வேறுவிதம். எது எப்போது மேலோங்கியது என்று சுமார் 20,000 ஆண்டுகளுக்கு அடுக்கடுக்காகப் படிக்க முடிந்தது. அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நடந்த ஆள்மாற்றம், எண்ணூரில் சித்தப்பா தொழில் பார்த்த காலத்துக்குள் முடிந்துவிட்டது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல் தொடங்கி 2017-ல் மூடப்பட்டது. வடசென்னை நிலையம் 1994-ல் வந்தது, இன்றும் ஓடுகிறது.

இப்போது எங்கு பார்த்தாலும் அலையாத்திக் கன்று நடும் விழா. பிச்சாவரத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் வெறுமனே கன்று நடவில்லை. மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதத்தை உள்ளே விட்டு, பிறகு நட்டார்கள். மரம் பிடித்தது. எண்ணூரில் நட வருகிறவர்களிடம் நான் எத்தனை கன்று என்று கேட்பதில்லை. சாம்பலை எவ்வளவு ஆழத்துக்கு அள்ளினீர்கள் என்றுதான் கேட்கிறேன்.