காலியா விட்ட ஒரு கட்டம்

மழைக்காலம் வந்தாலே எங்க பூந்தமல்லி பக்கம் எல்லாருக்கும் ஒரு வியாதி வந்துடும். காலையில பல்லு தேய்க்கிறதுக்கு முன்னாடி "செம்பரம்பாக்கம் எவ்வளவு?"ன்னு கேக்கறது. டீக்கடையில கூட அடி, கன அடின்னுதான் பேச்சு. அடியேனுக்கு அது கொஞ்சம் முத்திப் போச்சு. சென்னைக் குடிநீர் வாரியம் தினமும் வெளியிடுற ஏரி விவரத்தை எடுத்து, ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல நானே ஏத்திக்கிட்டு வந்தேன்.

ஒரு நாளைக்கு ஒரு வரி. முதல்ல தேதி. அப்புறம் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம்னு நாலு ஏரி. ஒவ்வொண்ணுக்கும் மட்டம், இருப்பு, வரத்து, வெளியேற்றம். ஆக மொத்தம் 17 கட்டம், நடுவுல டேப்.

இதை டெர்மினல்ல அப்படியே திறந்தா ஒரு வரி மடிஞ்சு மூணு வரியாகி கண்ணைக் கட்டிடும். அதுக்கு ரெண்டு கட்டளை. ஒண்ணு 'காலம்' (நேரம் இல்லீங்க, நெடுவரிசைக்கு இங்கிலீஷ்ல சொல்றது!). அதுக்கு மைனஸ் டி போட்டா கட்டங்களை நேரா அடுக்கிடும். அதை பைப் வழியா 'லெஸ்'ஸுக்கு அனுப்பி, மைனஸ் பெரிய எஸ் போட்டா வரி மடியாது. வலது அம்புக்குறியை அழுத்தினா திரை பக்கவாட்டுல நகரும். பெரிய ஜி அழுத்தினா ஃபைலோட கடைசிக்குப் போயிடும், சின்ன ஜி அழுத்தினா மேலே. மவுஸே வேணாம். நமக்கு ஒரே பெருமை.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

தங்கச்சி வீடு அனகாபுத்தூர்ல, அடையாறுக்குக் கிட்ட. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி செம்பரம்பாக்கத்துல இருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தப்போ அவ வீட்டு கீழ்த்தளம் முழுகிப் போச்சு. குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு மொட்டை மாடியில ராத்திரி பூரா உட்கார்ந்திருந்தா. அதுக்கப்புறம் மழை பெஞ்சா முதல் போன் எனக்குத்தான். நான் சொல்ற நம்பர்தான் அவளுக்கு வேதவாக்கு.

2020 நவம்பர் 25, நிவர் புயல். காலையில போன். நான் கெத்தா ஃபைலைத் திறந்து, பெரிய ஜி, வலது அம்புக்குறி. செம்பரம்பாக்கம் வரத்து இருக்கிற இடம் எனக்கு மனப்பாடம். ரொம்பச் சின்ன எண். "வரத்து கம்மிதான் பாப்பா, பயப்படாதே"ன்னுட்டேன்.

மதியம் டிவியில சொல்றான், ஏரி 22 அடியைத் தொட்டுடுச்சாம், 1,000 கன அடி திறக்கிறாங்களாம். முழுக் கொள்ளளவே 24 அடி. ராத்திரிக்குள்ள அது 9,000 ஆச்சு. தங்கச்சி அவசர அவசரமா குழந்தையையும் சர்டிபிகேட்டையும் எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்து சேர்ந்தா. நல்லவேளை, அந்தத் தடவை வீட்டுக்குள்ள தண்ணி வரலை. ஆனா "நீ பார்த்துச் சொன்னா சரியா இருக்கும்னு நினைச்சேன்ணா"ன்னா பாருங்க, அது இன்னும் காதுல இருக்கு.

ராத்திரி தோண்டிப் பார்த்தேன். அன்னைக்கு பூண்டியில ஒரு கட்டத்தை, அப்புறம் போட்டுக்கலாம்னு காலியா விட்டிருக்கேன். பிரிக்கிற எழுத்து எதுன்னு சொல்லாம 'காலம்' மைனஸ் டி மட்டும் போட்டா, பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ரெண்டு டேப்பையும் ஒரே இடைவெளியா எடுத்துக்கும். காலிக் கட்டம் காணாமப் போயி, அதுக்கப்புறம் இருக்கிற எல்லாம் ஒரு கட்டம் இடது பக்கம் நகர்ந்துடும். வரத்து இருக்க வேண்டிய இடத்துல நான் படிச்சது வெளியேற்றத்தை! எண்கள் எல்லாம் அழகா, நேரா அடுக்கித்தான் இருந்துச்சு. அதான் சந்தேகமே வரலை. இன்னொரு தடவை வலது அம்புக்குறியை அழுத்தியிருந்தா கடைசி கட்டம் காலியா இருக்கிறது தெரிஞ்சிருக்கும்.

இப்போ மைனஸ் சின்ன எஸ் போட்டு, டேப்தான் பிரிக்கிற எழுத்துன்னு சொல்லிடறேன். மேற்கோள் குறிக்குள்ள கன்ட்ரோல் வி அழுத்திட்டு டேப் தட்டினா நிஜ டேப் விழும். பழைய உபுண்டு சிலதுல இருக்கிற 'காலம்' அப்பவும் காலிக் கட்டத்தை முழுங்கும், அங்கே மைனஸ் என் சேர்க்கணும். 2022-ல வந்த 'லெஸ்'ஸுல இருந்து ஹெடர்னு ஒரு வசதி இருக்கு, தலைப்பு வரி மேலேயே நிக்கும். மனப்பாடத்தை நம்ப வேண்டியதில்லை.

ஆனா எல்லாத்தையும் விட நல்ல வைத்தியம் எங்க அப்பாவோடது. ஆவடியில ஒரு தொழிற்சாலை ஸ்டோர்ஸ்ல லெட்ஜர் எழுதினவர். சரக்கு வராத நாள்லயும் கட்டத்தைக் காலியா விடமாட்டார், ஒரு சின்னக் கோடு இழுத்துடுவார். "காலியா விட்டா, இல்லையா மறந்துட்டானான்னு பின்னாடி வர்றவனுக்குத் தெரியாதுடா"ம்பார். சின்ன வயசுல சிரிச்சிருக்கேன். இப்போ என் ஃபைல்ல ஒரு கட்டம் கூடக் காலி கிடையாது. தெரியாத இடத்துல எல்லாம் ஒரு கோடு.

தங்கச்சி இப்பவும் போன் பண்றா. கேள்விதான் மாறிடுச்சு.

"அண்ணா, கடைசி கட்டம் வரைக்கும் பார்த்தியா?"