இரண்டு மத்ஹபும் ஒரு கையுறையும்

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குச் சொகுசுக் கப்பல் புறப்படத் தொடங்கியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று துறைமுகங்களையும் தொட்டுத் திரும்பும் பயணம் அது. அந்தச் செய்தி வந்த சில நாட்களில், முன்பு மதரஸாவில் ஓதிய மாணவர் ஒருவர் திருமண அழைப்பிதழுடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். நிக்காஹ் முடிந்ததும் மனைவியை அக்கப்பலில் அழைத்துச் செல்ல அவருக்கு ஆசை. "கப்பல் திரும்பிக்கொண்டே இருக்குமே ஹஜ்ரத், கிப்லாவுக்கு என்ன செய்வது?" என்று கேட்டார்.

அதற்கு விடை எளிது. தக்பீர் கட்டும்போது கிப்லாவை நோக்கி நிற்க வேண்டும். கப்பல் திசை மாறுவது தெரிந்தால் தொழுகைக்குள்ளேயே தாமும் திரும்பிக்கொள்ள வேண்டும். நிற்க முடிகிறவர் நின்றே தொழட்டும். இவ்வளவும் சொல்லிவிட்டு, மணமகளின் ஊர் எது என்று விசாரித்தோம்.

"காயல்பட்டினம், ஹஜ்ரத்."

அடுப்படிப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. மாணவர் விழித்தார். அவர் கேட்க மறந்த கேள்வி எதுவென்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

எங்களில் ஒருவர் திண்டுக்கல், ஹனஃபி மத்ஹபு. மற்றவர் கீழக்கரை, ஷாஃபிஈ மத்ஹபு. இதை எழுதும் கை ஒன்றுதான் என்றாலும் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம். கணவன் மனைவியின் அந்தரங்கத்தைப் பரப்புவதை நபி (ஸல்) அவர்கள் வன்மையாகத் தடுத்திருக்கிறார்கள் அல்லவா? ஆதலால் மற்றவர் படித்துச் சம்மதித்த வரிகள் மட்டுமே இங்கு இருக்கின்றன. இரண்டு வரிகள் அடிக்கப்பட்டுவிட்டன.

எங்கள் நிக்காஹ் 2006ஆம் ஆண்டு, ரமலானுக்கு முந்திய ஷஃபான் மாதத்தில் நடந்தது. அடுத்த வாரம் மூன்று நாட்களுக்குக் கொடைக்கானல் சென்றோம். தேனிலவு என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் பெரியவர்கள் அன்றும் இருந்தார்கள். பயணத்தின் நடுவே ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடிய நபியின் உம்மத் நாம் என்பதை அவர்களுக்கு யார் சொல்வது!

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் 90 கிலோமீட்டருக்கு மேல். எங்கள் இருவர் மத்ஹபின் கணக்கிலும் அது பயண தூரமே. ஆனால் அறைக்குள் நுழைந்த கணமே வேறுபாடு தொடங்கிவிட்டது. பயணத்தில் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்குவது ஹனஃபிக்குக் கட்டாயம், ஷாஃபிஈக்குச் சலுகை. ளுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழ ஷாஃபிஈயில் அனுமதி உண்டு. ஹனஃபியில் ஹஜ்ஜின்போது தவிர இல்லை. ஒருவர் இரண்டையும் முடித்துவிட்டுச் சால்வை போர்த்தி அமர்ந்திருக்க, மற்றவர் அஸருக்காகக் காத்திருந்தார். அதுவரை அது எங்களுக்கு வேடிக்கையாகவே இருந்தது.

மாலையில் ஏரியைச் சுற்றி நடந்தோம். மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்சு 1863ஆம் ஆண்டு அமைத்த ஏரி அது. சுற்றிவர ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் இருக்கும். பாதி தூரத்தில், முதன்முறையாக ஊரார் கண்படும் இடத்தில், கைகோத்துக்கொண்டோம். மஃரிபுக்கு அறை திரும்பியதும் எங்களில் ஹனஃபியானவர் இமாமாக முன்னே நின்றார். பின்னால் யாரும் வந்து நிற்கவில்லை.

"உளூ செஞ்சுட்டு வாங்க மச்சான்."

கணவன் மனைவியின் தோலோடு தோல் பட்டால் ஷாஃபிஈ மத்ஹபில் இருவரின் உளூவும் முறிந்துவிடும். ஹனஃபியில் முறியாது. பின்பற்றித் தொழுபவரின் கொள்கைப்படி இமாமுக்கு உளூ இல்லையென்றால், அந்த இமாமின் பின்னால் தொழுவது செல்லாது என்பதும் ஷாஃபிஈ சட்டம். அப்போதுதான் இஸ்லாமியக் கல்வியில் பட்டயம் பெற்று வந்திருந்த எங்கள் ஹனஃபி இதைச் சும்மா விடுவாரா? அந்நிஸா அத்தியாயத்தின் 43ஆம் வசனத்தில் வரும் தீண்டுதல் என்ற சொல் தாம்பத்தியத்தையே குறிக்கும் என்ற இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் விளக்கத்தை எடுத்து வைத்தார். நபி (ஸல்) அவர்கள் தம் மனைவி ஒருவரை முத்தமிட்டுவிட்டு, மறுபடி உளூ செய்யாமல் தொழச் சென்றதாக வரும் அறிவிப்பையும் கூறினார். அச்சொல்லை வெறும் தீண்டுதலாகவே கொண்ட இப்னு மஸ்ஊத், இப்னு உமர் (ரலி) ஆகியோரைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. தெரியாமல் அல்ல.

எதிர்த்தரப்பில் ஒரே ஆதாரம்தான் இருந்தது: "எங்க உம்மா இப்படித்தான் சொல்லித் தந்தாங்க."

அன்று ஓர் அறையில் இரண்டு தொழுகைகள் நடந்தன. இஷாவும் அப்படியே. ஒருவர் ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது மற்றவரின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. திருமணமான எட்டாம் நாள். இரவு முழுவதும் இருவரும் தூங்குவதுபோல் கிடந்தோம்.

பஜ்ருக்குச் சற்று முன், எங்களில் பட்டயக்காரருக்குத் தம் தேர்வுத்தாள் நினைவுக்கு வந்தது. இமாம்களின் கருத்து வேறுபாட்டிலிருந்து வெளியேறும்படி அமல் செய்வது விரும்பத்தக்கது என்ற விதிக்கு ஒரு பக்கம் விளக்கம் எழுதியிருந்தார். ஹனஃபிகளும் ஏற்கும் விதிதான் அது. எழுந்து குழாயைத் திறந்தார். ஏழாயிரம் அடி உயரத்தில் அந்நேரத்துத் தண்ணீர் எலும்பைத் தொடும். தண்ணீர்ச் சத்தம் கேட்டுப் போர்வைக்குள் அசைவு தெரிந்தது. சற்று நேரத்தில் இமாமின் பின்னால் ஒருவர் வந்து நின்றார். மன்னிப்பு என்ற சொல்லை இருவருமே பேசவில்லை.

அன்று கோக்கர்ஸ் வாக்கில் மூடுபனி பள்ளத்தாக்கை மறைத்திருந்தது. அவ்வாண்டு குறிஞ்சி பூத்த ஆண்டு. பனி விலகும் இடங்களில் சரிவு நீலமாகத் தெரிந்தது. நாங்கள் ஒரு முழம் இடைவெளி விட்டே நடந்தோம். கோபத்தினால் அல்ல, அந்தத் தண்ணீரின் மீதிருந்த அச்சத்தினால். வழியில் கம்பளி விற்கும் ஓர் அம்மாவிடம் எங்களில் கீழக்கரைக்காரர் பேரம் பேசிச் சாம்பல் நிறக் கையுறை ஒரு ஜோடி வாங்கி, அங்கேயே அணிந்துகொண்டு கையை நீட்டினார்.

"இடையில துணி இருந்தா முறியாது. இதையும் உம்மாதான் சொன்னாங்க."

குறிஞ்சி அடுத்து பூத்த 2018ஆம் ஆண்டில் பிள்ளைகளுடன் மீண்டும் சென்றோம். அதே கையுறையில் ஒன்று தொலைந்துபோயிருந்தது. ஒன்றே போதுமானதாக இருந்தது.

இவற்றில் சொல்லத்தக்கதை மட்டும் அந்த மாணவருக்குச் சொன்னோம். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "அம்பாந்தோட்டை வெயிலில் கம்பளிக் கையுறை எப்படி ஹஜ்ரத்?" என்றார். எங்களில் ஹனஃபியானவரிடம் அதற்குப் பதில் இல்லை.

அடுப்படியிலிருந்து பதில் வந்தது: "கைக்குட்டை போதும்னு சொல்லுங்க."