உள்ளே விட்ட துணி

இளைப்பதற்குக் கதை உண்டு. இளைத்த நிலையிலேயே இருந்துகொண்டிருப்பதற்குக் கதை கிடையாது. காஃப்கா 1922ல் வெளியிட்ட பட்டினிக் கலைஞன் கதையில், காட்சியை நடத்துகிறவன் பட்டினிக்கு நாற்பது நாள் என்று வரம்பு வைக்கிறான். அதற்குமேல் போனால் ஊருக்கு அலுத்துவிடும் என்பது அவன் அனுபவம். இக்கதையில் கலைத்தத்துவம் நிறையத் தேடியாகிவிட்டது. எனக்கு இப்போது முக்கியமாகப் படுவது இந்த நிர்வாக விவரம்தான்.

பள்ளிக்கூட நாளிலிருந்தே நான் குண்டு. முப்பதாவது வயதில் 121 கிலோ. அடுத்த இரண்டு வருஷத்தில் 38 கிலோ குறைந்தது. அந்த இரண்டு வருஷமும் எனக்குப் பார்வையாளர்கள் இருந்தார்கள். கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்ற பென்ஷன்காரர்களில் பாதிப் பேர் ரகசியம் கேட்டார்கள். மீதிப் பேர் தணிந்த குரலில் 'சுகரா தம்பி?' என்றார்கள். பிறகு எடை இறங்குவது நின்றது, விசாரிப்பும் நின்றது. அதற்கப்புறம் ஐந்து வருஷம். 83, 85, மறுபடி 83. ஒன்றும் நிகழாததை யார் உட்கார்ந்து கேட்பார்கள்?

நிகழாமலிருப்பதற்கு உள்ளே நடக்கும் வேலை கொஞ்சமல்ல. அமெரிக்காவில் எடைக்குறைப்பை டெலிவிஷன் போட்டியாகவே நடத்தினார்கள். போட்டியாளர்கள் 14 பேரை ஆறு வருஷம் கழித்துச் சோதித்து, கெவின் ஹாலும் சகாக்களும் 2016ல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலோருக்கு எடை கணிசமாகத் திரும்பியிருந்தது. அது எதிர்பார்த்ததுதான். சும்மா இருக்கையில் உடம்பு செலவழிக்கும் சக்தி, அந்த எடைக்கு இருக்கவேண்டியதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்ததுதான் திகைக்க வைத்தது. பஞ்சம் என்று ஒருமுறை அறிவித்த நிர்வாகம் ஆறு வருஷமாகியும் அறிவிப்பை வாபஸ் வாங்கவில்லை.

எடை குறைந்ததும் பழைய பேண்ட்டுகளைப் பிடித்துத் தைக்கக் கொடுத்தேன். டெய்லர் மிச்சத்தை வெட்டவில்லை. 'உள்ள துணி விட்டிருக்கேன் சார், நாளைக்கு வேணும்னா பிரிச்சுக்கலாம்' என்றார். எனக்குக் கோபம் வந்தது. பிற்பாடு, 2008ல் ஸ்வீடன்காரர்கள் வெளியிட்ட ஆய்வைப் படித்தேன். வளர்ந்தவர்களின் உடம்பில் கொழுப்புச் செல்களின் எண்ணிக்கை, எடை நன்றாகக் குறைந்த பிறகும் குறைவதில்லை. வருஷத்துக்குப் பத்தில் ஒரு பங்கு மடிந்தால் அதே அளவு புதிதாக வந்து சேர்கிறது. இருப்பவை சுருங்கிக் காத்திருக்கின்றன. டெய்லர் வாக்கியத்துக்கு இதைவிட நல்ல உரை எனக்குத் தெரியாது.

இதையெல்லாம் மனவுறுதி என்று பாராட்டுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை போய்விட்டது. நம்மிடம் உபவாசத்துக்கு மரியாதை உண்டு. ஆனால் ஏகாதசிக்கு மறுநாள் துவாதசி என்று ஒன்று வருகிறது, பாரணை இருக்கிறது. எல்லா விரதத்துக்கும் முடிக்கும் நேரம் பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறது. என்னுடையதற்கு இல்லை. இப்போது பேசப்படும் செமாக்ளூடைடு ஊசியிலும் இதே சிக்கல்: நிறுத்தியவர்களுக்கு ஒரு வருஷத்துக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதாக 2022ல் வந்த ஆய்வு சொல்கிறது. ஊசிக்கும் துவாதசி கிடையாது.

மூன்று இட்லி. சாயங்காலம் பஸ்ஸை விட்டுவிட்டு நடை. திங்கட்கிழமை காலையில் எடை. கிளையில் யாருக்காவது பதவி உயர்வு வந்தால் மைசூர்பாகு டப்பா மேஜை மேஜையாக வரும். 'ஒண்ணுதானே சார்' என்பார்கள். அவர்களுக்கு ஒன்றுதான். அம்மா இன்றைக்கும் நாலாவது இட்லியைத் தட்டில் வைத்துவிட்டு, அதைத் தான் வைக்காதது போல அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறாள். அவளிடம் ஹார்மோன் பேச முடியுமா.

நான் குண்டாக இருந்தபோது எழுதிய கட்டுரைகளில் நகைச்சுவை இருந்தது என்கிறார் ஒரு கவிஞ நண்பர். இருந்திருக்கலாம். பிறர் சிரிக்குமுன் தானே சிரித்துவிடுவது குண்டானவனின் தற்காப்பு. அதைச் சிறு வயதிலேயே கற்றுக்கொண்டாக வேண்டும். இப்போது அந்த அவசியம் இல்லை, எனவே அந்தப் பாணியும் இல்லை. உடம்பின் பழக்கங்கள் மட்டும் விடவில்லை. கேஷ் கேபின் கதவில் இன்னும் பக்கவாட்டில் நுழைகிறேன். டவுன் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டின் விளிம்பில் தொடை பாதி வெளியே தொங்க உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் இருப்பவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, 'உள்ள தள்ளி உக்காருங்க, இடந்தான் இருக்கே' என்பார்.