"எல்.சி. வாங்காம கம்பத்துல ஏறலாமா பாப்பா?" - காருக்குள் கைவைத்த கதை!

சனிக்கிழமை ராத்திரி பத்தரை மணி. திருச்சி காட்டூரில் எங்கள் வீட்டு வாசல். காரின் டேஷ்போர்டில் திருக்கார்த்திகை மாதிரி வரிசையாக விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. வைப்பர் யாரும் கேட்காமலே ஒருமுறை ஆடி நின்றது. ரிமோட்டை அழுத்தினால் கதவு பூட்டவில்லை. கையிலிருந்த போனில் ஒரே ஒரு வரி: 'கன்ட்ரோல் யூனிட் பதில் அளிக்கவில்லை.'

திங்கள்கிழமை காலை ஆறு மணிக்கு இதே காரில் அம்மாவை மதுரைக்கு அழைத்துப்போக வேண்டும். கண்புரை ஆபரேஷன். மூன்று மாதங்களாகத் தள்ளிப்போட்டு, ஒருவழியாக அம்மா சம்மதித்த தேதி. அந்தக் காரைத்தான் நான் இப்படி ஆக்கி வைத்திருந்தேன்.

அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். வந்த பணத்தில் அவருக்கென்று வாங்கிக்கொண்ட ஒரே பொருள் இந்த செகண்ட் ஹேண்ட் கார். 2020 மாடல், நடுத்தர வேரியன்ட். எங்கள் தெருவிளக்கு பாதி நாள் எரியாது. ராத்திரி காரைப் பூட்டிவிட்டு கேட்டுக்கு வருவதற்குள் அப்பா தடுமாறுவார். இதே காரின் டாப் வேரியன்ட்டில், பூட்டிய பிறகும் ஹெட்லைட் முப்பது விநாடி எரிந்து வழி காட்டும். எங்கள் காரில் அந்த வசதி இல்லை. இல்லை என்றால், ஆஃப் செய்து வைக்கப்பட்டிருக்கிறது. அதை ஆன் செய்யத்தான் இறங்கினேன்.

இன்றைய கார் என்பது சக்கரம் வைத்த பல குட்டி கம்ப்யூட்டர்களின் கூட்டுக்குடும்பம். இன்ஜினுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, விளக்கு, வைப்பர், கதவுப் பூட்டுக்கு ஒன்று. இவை எல்லாம் 'கேன்' என்ற பொதுவான கம்பி வழியாகப் பேசிக்கொள்கின்றன. 1986-ல் பாஷ் நிறுவனம் அறிமுகப்படுத்திய முறை இது. அந்தப் பேச்சைக் கேட்கும் வாசல், ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் கொண்ட ஓ.பி.டி போர்ட். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயமாகி, பிறகு நம் ஊர் கார்களுக்கும் வந்தது. அதில் ஒரு அடாப்டரைச் செருகி, ப்ளூடூத்தில் போனை இணைத்தால், காரின் நோய் நொடிகளை எல்லாம் ஆப் படித்துச் சொல்லிவிடும்.

சில கார்களில் படிப்பது மட்டுமல்ல, எழுதவும் முடியும். எல்லா வேரியன்ட்டுக்கும் பெரும்பாலும் ஒரே மென்பொருள்தான். எந்த வசதி உண்டு, எந்த வசதி கிடையாது என்பது பூஜ்யமும் ஒன்றுமாக உள்ளே எழுதப்பட்டிருக்கும். அந்தப் பூஜ்யத்தை ஒன்றாக்குவதற்குப் பெயர்தான் கோடிங். என்னைப் போன்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சபலம் என்று நினைத்துப்பாருங்கள்!

அதிலும் எனக்கு ஏற்கெனவே ஒரு வெற்றி அனுபவம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

அன்று ராத்திரி நான் செய்த தவறுகள் இப்போது வரிசையாகத் தெரிகின்றன. இன்ஜினை ஓடவிடாமல் இக்னீஷனை மட்டும் ஆன் செய்து, கதவைத் திறந்துபோட்டு, ஹெட்லைட்டைப் போட்டுப் போட்டுப் பார்த்து, முக்கால் மணி நேரம் விளையாடியிருக்கிறேன். அத்தனை நேரமும் பேட்டரி மட்டும்தான் உழைத்திருக்கிறது. அது நாலு வருடப் பழசு. அடாப்டரோ ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு வாங்கிய நகல். நான்காவது முயற்சியில், எழுதுவது பாதியில் இருக்கும்போதே இணைப்பு அறுந்தது.

பதற்றத்தில் இன்னொரு முறை எழுதிப் பார்த்தேன். பிறகு எரர் எல்லாவற்றையும் அழிக்கிற பட்டனை அழுத்தினேன். அழிந்தவை அடுத்த விநாடியே திரும்பி வந்தன. சத்தம் கேட்டு வெளியே வந்த அப்பா, டேஷ்போர்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன பாப்பா, லைன்ல கைவெச்சிட்டியா?"

"சின்ன செட்டிங்தான்ப்பா. காலையில சரி பண்ணிடறேன்."

அவர் திட்டவில்லை. காருக்குள் போய் ஒவ்வொரு கதவாகக் கையால் பூட்டினார். அதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பாவுக்குப் பழக்கமான ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். போனைக்கூடக் கேட்கவில்லை. முதலில் பானெட்டைத் திறந்து மீட்டரை வைத்தார். 11.6 வோல்ட். "நல்ல பேட்டரி 12.6 காட்டணும்மா. இது அரை மயக்கத்துல இருக்கு. மயக்கத்துல இருக்கவன்கிட்ட கணக்கு கேட்டா என்ன சொல்லுவான்?" என்றார். சார்ஜரை மாட்டிவிட்டு, டீ குடித்தபடி காத்திருந்தோம்.

வோல்டேஜ் ஏறிய பிறகு அவருடைய ஸ்கேனரைச் செருகினார். யு0140 என்று ஒரு கோடு வந்தது. கோடின் முதல் எழுத்தே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும் என்று விளக்கினார். 'பி' என்று தொடங்கினால் பெரும்பாலும் இன்ஜின், கியர் சமாசாரம். 'யு' என்றால் யூனிட்டுகளுக்கு இடையே பேச்சுவார்த்தை அறுந்துபோனது. இந்த எண், விளக்கையும் பூட்டையும் கவனிக்கிற பாடி கன்ட்ரோல் யூனிட் மற்றவற்றோடு பேசவில்லை என்கிறது.

"நேத்து வரைக்கும் படிச்ச அடாப்டர், எழுதும்போது ஏண்ணே கைவிட்டுச்சு?" என்று கேட்டேன்.

"எரர் படிக்கிறது சின்னப் பேச்சும்மா. கோடிங் எழுதறது நீளமான பேச்சு. கேன் லைன்ல ஒரு தடவைக்கு எட்டு பைட்தான் போகும். நீளமானதைத் துண்டு துண்டா அனுப்பணும். மட்டமான அடாப்டர் நடுவுல ஒரு துண்டை முழுங்கிடும்."

பழைய கோடிங் எங்கே என்று கேட்டார். நல்லவேளையாக ஆப், எழுதுவதற்கு முன் இருந்த மதிப்பைத் தானாகச் சேமித்து வைத்திருந்தது. ஹிஸ்டரியைத் திறந்து போனை நீட்டினேன். அப்புறம்தான் உறைத்தது, அதைக் காட்டியிருக்கக் கூடாது என்று.

அந்தப் பட்டியலில் முந்தைய மாதத்துத் தேதியில் இன்னொரு வரி இருந்தது. அண்ணன் அதைச் சத்தமாகவே படித்துவிட்டார். "மீட்டர் யூனிட்டுல சீட் பெல்ட் அலாரம் ஆஃப். சார், இது நீங்க சொல்லிப் பண்ணுனதா?"

இதுதான் நான் சொன்ன அந்த வெற்றி அனுபவம். பெல்ட் தோளில் உரசுகிறது, போடாவிட்டால் 'கத்திக்கிட்டே இருக்கு' என்று அம்மா புலம்பிக்கொண்டே இருந்தார். இரண்டே நிமிடத்தில் அலாரத்தை நிறுத்திக்கொடுத்தேன். ஒரு எரர்கூட வரவில்லை. 'என் பொண்ணு இன்ஜினீயர் மாதிரி' என்று அம்மா பக்கத்து வீட்டில் சொன்னார்.

அப்பா என்னைப் பார்த்தார். "ஒரு மாசமா சத்தம் வரலையே, அவ பெல்ட் போடப் பழகிட்டான்னுல்ல நெனச்சேன்."

"நான்தாங்க கேட்டேன்" என்று வாசற்படியிலிருந்து அம்மா சொன்னார். அப்பா அதற்குப் பதில் சொல்லவில்லை.

அந்த ஒரு மாதத்தில் தஞ்சாவூருக்கும் கரூருக்கும் போய்வந்திருக்கிறார்கள். ரோட்டில் கண் வைத்து ஓட்டுகிறவர், பக்கத்து சீட்டில் பெல்ட் இருக்கிறதா என்று காதால்தான் தெரிந்துகொள்கிறார். அந்தக் காதை நான் அடைத்துவிட்டு, அவரிடம் சொல்லவும் இல்லை.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், சீட் பெல்ட் அலாரத்தை ஏமாற்றும் கிளிப்புகளை ஐந்து ஆன்லைன் விற்பனைத் தளங்களிலிருந்து நீக்க உத்தரவிட்டது. 13,000-க்கும் மேற்பட்ட விளம்பரங்கள் நீக்கப்பட்டன. அந்தச் செய்தியை எங்கள் டெஸ்க்கில் எழுதியது நான்தான். 'உயிரோடு விளையாடும் கிளிப்புகள்' என்று தலைப்பும் வைத்தேன். கிளிப் வாங்காமல் போனிலேயே அதைச் செய்தபோது, இரண்டும் ஒன்று என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். "எல்.சி.ன்னா என்ன தெரியுமா பாப்பா?"

சின்ன வயதிலிருந்து கேட்ட வார்த்தை. லைன் கிளியர். கம்பத்தில் ஏறுகிறவர், லைன் அணைக்கப்பட்டுவிட்டது என்று சப் ஸ்டேஷனில் எழுத்தில் வாங்கிக்கொள்ளும் அனுமதி.

"எல்.சி. வாங்காம ஏறலாமா? அந்த லைனை நம்பி இருக்கற எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும், இன்னார் இன்ன எடத்துல கைவெச்சிருக்கார்னு. வேலை முடிஞ்சதும் எவர் வாங்கினாரோ அவரேதான் திருப்பித் தரணும். வேற ஆள் குடுத்தா செல்லாது."

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் பழைய கோடிங்கை எழுதி முடித்தார். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அடுத்து மீட்டர் யூனிட்டைத் திறந்தவர், ஸ்கேனரை என் பக்கம் நகர்த்தினார். அப்பா கண்ணைக் காட்டியிருக்க வேண்டும். சீட் பெல்ட் அலாரத்தை நானே ஆன் செய்தேன்.

அன்று ராத்திரி பழைய பேட்டரிக்குப் பதிலாகப் புதியது வந்திருந்தது. அப்பாவே, "அந்த லைட்டு சமாசாரத்தையும் போட்டுடு தம்பி" என்று அண்ணனிடம் சொன்னார். இந்த முறை சார்ஜர் மாட்டியிருந்தது, நல்ல அடாப்டர் இருந்தது. பழைய மதிப்பை ஒரு நோட்டில் தேதியோடு எழுதினேன். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான், அதைச் சோதித்த பிறகே அடுத்தது. அப்பா காரைப் பூட்டிவிட்டு, ஹெட்லைட் வெளிச்சத்தில் கேட் வரை நடந்தார். திரும்பி வந்து இன்னொரு முறை பூட்டி, இன்னொரு முறை நடந்தார்.

பாதியில் அறுந்த கோடிங் எனக்கு ஒரு ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்தது, அவ்வளவுதான். உண்மையிலேயே ஆபத்தாக இருந்தது, ஒரு எரர்கூடக் காட்டாமல் ஜெயித்த கோடிங். ஆப்புக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ஹெட்லைட்டுக்கும் பெல்ட் அலாரத்துக்கும் ஒரே மாதிரிதான் பட்டன் வைத்திருக்கிறது.

திங்கள்கிழமை காலை ஆறு மணி. அம்மா முன் சீட்டில் உட்கார்ந்தார். கார் கத்த ஆரம்பித்தது. அப்பா ஸ்டியரிங்கில் கைவைத்தபடி வண்டியை எடுக்காமல் காத்திருந்தார். அம்மா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே பெல்ட்டை இழுத்து மாட்டினார். சத்தம் நின்றது.

விராலிமலை தாண்டும்போது வேகம் எண்பதைத் தொட, வேறு ஒரு பீப் சத்தம் வந்தது. அப்பா காலைத் தளர்த்திக்கொண்டே கேட்டார். "இதையும் நிறுத்தத் தெரியுமா உனக்கு?"

"தெரியலப்பா. தெரிஞ்சுக்கவும் வேணாம்."

கண்ணாடியில் அவர் சிரித்தது தெரிந்தது. அப்போதுதான் கவனித்தேன், பின் சீட்டில் நான் பெல்ட் போட்டிருக்கவில்லை. எங்கள் காரில் பின் சீட்டுக்கு அலாரம் கிடையாது. இழுத்து மாட்டிக்கொண்டேன்.