ஆணி வைத்த டயர்

ஐப்பசி பிறந்தால் நமக்குத் தீபாவளி நினைப்பு வரும்; நான் வாழ்க்கைப்பட்டு வந்திருக்கும் ஸ்டாக்ஹோம்காரர்களுக்கு டயர் நினைப்பு! "டயர் மாத்தியாச்சா?" என்றுதான் மாடிப்படியில் பார்ப்பவர்கள் எல்லாம் கேட்பார்கள்.

குளிர்கால டயரில் இரண்டு ரகம். ஒன்றில், ரப்பருக்குள் குட்டிக் குட்டி ஆணிகள் பதித்திருக்கும். தெரு கண்ணாடி மாதிரி உறைந்து கிடக்கும்போது அவை ஐஸைக் கவ்விப் பிடிக்கும். மற்றதில் ஆணி கிடையாது. குளிரிலும் இறுகாத மெத்தென்ற ரப்பர்.

ஸ்வீடன் சட்டம் கறாரானது. டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, தெருவில் பனியோ ஐஸோ இருந்தால் குளிர்கால டயர் கட்டாயம். ஆணி டயருக்கோ அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 15 வரைதான் அனுமதி. மற்ற நாளில், பாதை பனியால் வழுக்கும் நிலை இருந்தால் மட்டுமே போடலாம். போட்டால் நாலு சக்கரத்துக்கும் போட வேண்டும். இரண்டுக்குப் போட்டு மிச்சம் பிடிக்கிற கதை நடக்காது!

"பத்திரம்தானே, வருஷம் பூரா போட்டா என்ன?" என்று இவரைக் கேட்டேன். மார்ச் மாதம் எனக்கே புரிந்துவிட்டது. பனி உருகித் தெரு காய்ந்ததும், ஆணிகள் வெறும் தார் ரோட்டைச் சுரண்டுகின்றன. குளிர்காலம் முழுக்கச் சேர்ந்த தூசியும் சேர்ந்து கிளம்பும். எங்கள் நாலு வயதுப் பையனுக்கு வீஸிங் உண்டு. அந்த வாரங்களில் ராத்திரியெல்லாம் நெஞ்சு விசில் அடிக்கும். தலையணையை உயர்த்தி வைத்து, இன்ஹேலரோடு உட்கார்ந்திருப்பேன்.

இங்கே ஹூர்ன்ஸ்காத்தன் என்றொரு தெரு. தூசி தாங்காமல், 2010 ஜனவரி 1 முதல் அதில் ஆணி டயர் வண்டி போகவே தடை.

ஆனால் இவருக்கு ராத்திரி ஷிப்ட். ஊருக்கு வெளியே, ஏரிக்கரை ஓரமாகப் போகிற பாதை. ஆணி இல்லாமல் அனுப்ப வயிற்றில் புளியைக் கரைத்தது. ஒரு பக்கம் பிள்ளையின் மூச்சு, ஒரு பக்கம் இவர் உயிர். எதைப் பெரிசு என்று சொல்ல?

நாலு நாள் பேசினோம். கடைசியில் ஆணியில்லாத நல்ல குளிர்கால டயரே வாங்கினோம். ஐஸ் பிடித்த நாளில் கார் எடுப்பதில்லை, ரயில்தான். மற்ற நாளில் அரைமணி முன்னதாகக் கிளம்பி மெதுவாகப் போகிறார். தெரு காய்ந்த நாளில் பையனைப் பூங்கா வழியாகச் சுற்றி அழைத்துப் போகிறேன்.

போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் அடிப்பார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தூக்கம்.